வெள்ளைத் துணியில் போட்ட பழி

என் கைகளைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. எழுபதைத் தாண்டிய பிறகும் அவை நடுங்குவதில்லை. ஒரு மடிக்கணினியின் மதர்போர்டிலிருந்து, திரைக்குப் படம் அனுப்பும் சிப்பைக் கழற்றி, அதே இடத்தில் வேறொன்றை ஈயம் உருக்கி ஒட்டவைக்க இந்தக் கைகளால் முடியும். மன்னார்த் தீவில் இந்த வேலையைச் செய்கிற இன்னொருவரை நான் அறியேன்.

அந்தச் சிப் ஒரு தபால் முத்திரை அளவுதான். அதன் அடியில் கடுகை விடச் சிறிய ஈய உருண்டைகள் நூற்றுக்கணக்கில் வரிசையாக இருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் உருக வேண்டும், ஒரே நேரத்தில் இறுக வேண்டும். கீழிருந்து தகட்டை மெல்லச் சூடாக்கிக்கொண்டு, மேலிருந்து சூடான காற்றை ஊத வேண்டும். அவசரப்பட்டால் போர்ட் வளைந்துவிடும். பயந்து முன்னமே நிறுத்தினால் ஈயம் பாதியில் நின்றுவிடும். சரியான கணம் வந்ததா என்று பார்க்க, சிப்பின் ஓரத்தை இடுக்கியால் மெதுவாகத் தொடுவேன். அது ஒரு மயிரிழை விலகும். விட்டதும் தானாகத் தன் இடத்துக்குத் திரும்பி வரும். உருகிய ஈயம் அதைப் பிடித்து இழுப்பதால் அப்படி நடக்கிறது. காரணம் தெரிந்திருந்தும், அது நகர்ந்து வரும்போதெல்லாம் எனக்கு ஒரு கொடி ஏற்றியது போல இருக்கும்.

நான் மின்னணுப் பொறியியல் படித்தவன். கொழும்பிலும் பிறகு வளைகுடா நாடொன்றிலும் கப்பல்களின் வானொலிக் கருவிகளைத் திருத்தினேன். ஓய்வு பெற்று மன்னார்ப் பட்டினத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்தபோது, அக்கம்பக்கத்தார் பழுதான கணினிகளைக் கொண்டுவந்தார்கள். மற்றப் பழுதுகளைத் திருத்தினேன். திரை இருண்டவற்றை மட்டும் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை. இறந்துபோன போர்ட்களைச் சேர்த்து அவற்றில் பழகினேன். முதலில் மனைவியின் கேக் போறணைக்குள் வைத்துச் சூடாக்கிப் பார்த்தேன். வீடு முழுவதும் எரிந்த பிளாஸ்டிக் மணம்.

"இஞ்சேருங்கோ, நத்தாருக்குக் கேக் போடுற போறணை அது," என்றாள் மனைவி. "உங்கட பச்சைத் தட்டை இனி அதுக்குள்ள வைச்சீங்களெண்டா, வாற நத்தாருக்கு அந்தத் தட்டையே வெட்டிச் சாப்பிடுங்கோ."

அதன் பிறகுதான் முறையான கருவிகளை வாங்கினேன். முன்னறையை வேலைக்கு ஒதுக்கினேன். இங்கே காற்று பெரிய எதிரி. சோளகம் வீசும் மாதங்களில் யன்னலைச் சாத்தினாலும் ஓட்டு இடுக்கால் காற்று வரும். சிப்பின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் ஆறியும் போகும். பழைய சேலைகளைச் சுருட்டிச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே அடைத்து, விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்வை போர்டில் விழாமல் நெற்றியில் துவாய் கட்டிக்கொண்டு வேலை செய்வேன். மனைவி வாசலில் கதிரை போட்டு இருந்துகொண்டு, "உள்ள ஒப்பரேசன் நடக்குது, பிறகு வாங்கோ," என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவாள்.

பக்கத்துக் கடற்கரை ஊரான தாழ்வுபாட்டிலிருந்து அந்தப் பெண்பிள்ளை முதன்முதலில் வந்ததும் அப்படியொரு சோளகக் காலத்தில்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். கணவன் கடலுக்குப் போகிறவன். அவள் செய்த தொழில், மரண வீடுகளை வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு நேரலையாகக் காட்டுவது.

எங்கள் கரையில் பிள்ளைகளில் ஒருவராவது வெளிநாட்டில் இல்லாத வீடு குறைவு. விசா இல்லாதவர்களும், விமானம் பிடித்து வந்து சேர முடியாதவர்களும் திரையில்தான் தாய் தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கிறார்கள். அதனால் ஒரு புது வழக்கம் வந்துவிட்டது. பிரேதப் பெட்டியின் தலைமாட்டில் ஒரு சிறு மேசை போட்டு, அதில் மடிக்கணினியை வைப்பார்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளையின் முகம் அதில் பெரிதாகத் தெரியும். பெட்டி மூடுவதற்கு முன் பிள்ளைகள் வயது வரிசையில் வந்து கடைசி முத்தம் கொடுப்பார்கள். அந்த வரிசையில் மடிக்கணினிக்கும் ஒரு இடம் உண்டு. முறை வந்ததும் "இப்ப கனடா மகள்" என்று யாராவது சொல்ல, ஆட்கள் விலகுவார்கள். மேசையைப் பெட்டிக்குக் கிட்ட நகர்த்தித் திரையைப் பிரேதத்தின் முகத்தை நோக்கித் திருப்புவார்கள். கறுப்பு இயந்திரமொன்று பெட்டியருகே நிற்பது மரியாதையில்லை என்று, திரை மட்டும் தெரியும்படி வெள்ளைத் துணியால் அதைச் சுற்றிப் போர்த்துவார்கள். பெட்டி வைத்த மேசைக்கும் அதே துணிதான்.

அந்தப் பிள்ளையின் கணினி, திரையில் பச்சைக் கோடுகள் விழுந்து இருண்டிருந்தது. மறுநாள் அவளுக்கு ஒரு செத்தவீடு இருந்தது.

"கொழும்பில கேட்டனான் சேர். எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்கட்டாம்."

"கொழும்பார் எறிவினம். நாங்கள் எறியமாட்டம்," என்றேன்.

திரைச் சிப்பை உயிர்ப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பழைய சிப்பை அப்படியே சூடாக்கி ஈயத்தை மறுபடி உருக்கி இறுகவிடுவது. மற்றது, பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய சிப் போடுவது. முதல் வழியில் கணினி உடனே எழும்பும். ஆனால் பெரும்பாலும் விரிசல் இருப்பது அடியில் உள்ள ஈயத்தில் அல்ல, சிப்பின் உள்ளே. சூடு பட்டதும் அந்த விரிசல் கொஞ்சக் காலத்துக்கு ஒட்டிக்கொள்ளும். அது எவ்வளவு காலம் என்று யாராலும் சொல்ல முடியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். புதிய சிப் சீனாவிலிருந்து வரவேண்டும். அவளுக்கோ நாளைக்கே கணினி வேண்டும். ஆகவே நான் சூடாக்கினேன். அதில் தவறில்லை. திரை ஒளிர்ந்தபோது அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இனி நிலைச்சு நிக்குமோ சேர்?"

"உமக்கு வயசு போகும் பிள்ளை, இதுக்குப் போகாது," என்றேன்.

தவறு அந்தச் சொல்லில்தான். 'இது தற்காலிகம், புதிய சிப்புக்கு எழுதிப் போடுவோம்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த முகத்தில் இருந்த வியப்பு குறைந்துவிடும். அந்த வியப்பு எனக்கு வேண்டியிருந்தது. கொழும்பில் முடியாததை மன்னாரில் ஒரு கிழவன் செய்தான் என்று அவள் தாழ்வுபாடு முழுக்கச் சொல்லப்போகிறாள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அவள் சொன்னாள். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் முன்பின் தெரியாதவர்கள் என்னிடம் வந்து கைகொடுத்தார்கள்.

சில மாதங்கள் ஒரு குறையும் இல்லாமல் போயின. பிறகு ஓலைத்தொடுவாய் என்ற ஊரில் ஒரு தாய் இறந்தார். மனைவிக்குத் தூரத்து உறவு என்பதால் நாங்களும் போனோம். அவருக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவர் வள்ளங்கள் வைத்திருக்கும் சம்மாட்டி. கடைசி மகள் ஐரோப்பாவில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, நாட்டை விட்டு வெளியேற முடியாமல் இருந்தாள். தாயைப் பார்த்து வெகு காலமாகிவிட்டது. அவளுக்காகத்தான் தாழ்வுபாட்டுப் பிள்ளையை அழைத்திருந்தார்கள்.

பந்தலில் நான் ஒரு கதிரையில் இருந்தேன். செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் வாய் அதைச் சொன்னது. கண் மட்டும் தலைமாட்டில் வெள்ளைத் துணிக்கு நடுவே ஒளிர்ந்த திரையிலேயே இருந்தது. படம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவரிடம், "அது நான் திருத்தினது," என்றும் சொன்னேன். ஒரு மரண வீட்டில் இருந்துகொண்டு அதைச் சொன்னேன்.

மூத்தவர் முத்தம் கொடுத்தார். அடுத்த இருவரும் கொடுத்தார்கள். "இப்ப கடைசி மகள்" என்றார் ஒருவர். மேசையை நகர்த்தினார்கள். திரையில் இருந்தவள் கையை நீட்டி, "அம்மா, நான் வந்திட்டன்," என்று தொடங்கினாள். அந்த நேரத்தில் அவள் முகத்தின் குறுக்கே பச்சைக் கோடுகள் விழுந்தன. முகம் கட்டம் கட்டமாகச் சிதறியது. பிறகு இருட்டு. உள்ளே விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

யாரோ கைபேசியில் அவளை அழைக்க முயன்றார்கள், இணைப்புக் கிடைக்கவில்லை. கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. சுவாமியாருக்கு அன்று பின்னேரம் இன்னோர் ஊரிலும் பூசை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்த மூத்தவர், "மூடுங்கோ," என்றார். இணைப்புக் கிடைத்தபோது பெட்டி மூடியாகிவிட்டது.

அந்தப் பிள்ளை என்னைத் தேடி வந்தாள். "சேர், என்ன நடந்தது? ஒருக்கா வந்து பாருங்கோ."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து போய் இயந்திரத்தைத் தொட்டேன். கொதித்தது. என்ன நடந்தது என்று தொடுவதற்கு முன்னமே எனக்குத் தெரியும். துணியை இழுத்து எடுத்தேன்.

"இந்த வெக்கைக்குள்ள துணியால மூடினா மெசின் என்ன செய்யும்? மூச்சு விட இடமில்லை. இப்பிடி மூடலாமோ பிள்ளை?"

படித்தவன், பொறியியலாளன் சொன்னது. பந்தல் முழுவதற்கும் கேட்டது. "வேலை தெரியாமல் ஏன் இதுகளுக்கு வெளிக்கிடுறாளவை?" என்று பின்னால் ஒரு பெண் சொன்னார். அந்தப் பிள்ளை மூத்தவரின் முன்னால் போய்க் கைகூப்பி நின்றாள். அவர் அவளைப் பார்க்காமல் பெட்டியின் பின்னால் நடந்தார்.

வீடு திரும்பும்போது ஓட்டோவில் மனைவி கேட்டாள்: "துணியாலதானோ?"

"ஓம்."

"அப்ப ஏன் உங்கட முகம் இப்பிடிக் கிடக்கு?"

நான் ஓட்டோக்காரனுக்கு வழி சொல்லத் தொடங்கினேன்.

அதன் பிறகு அவளை ஒருவரும் அழைக்கவில்லை. இது பல வாரங்கள் கழித்து, அவளே கணினியைப் பையில் கொண்டுவந்தபோதுதான் தெரிந்தது. தாழ்வுபாட்டிலேயே அடுத்த தெருவில் நடந்த செத்தவீட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் கூப்பிட்டார்களாம்.

"துணி போட்டது என்ர பிழைதான் சேர்," என்றாள். "நீங்கள் அவ்வளவு கஸ்டப்பட்டுத் திருத்தித் தந்ததை நான் பழுதாக்கிப்போட்டன். இனியும் திருத்தலாமோ? இல்லாட்டி இந்தத் தொழிலை விடவேண்டியதுதான்."

'ஓம், பார்ப்போம்' என்று மட்டும் சொன்னேன். அன்றே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவள் போனதும் புதிய சிப் ஒன்றுக்கு எழுதிப் போட்டேன். உண்மையைச் சொல்வதற்குப் பதிலாக நல்ல வேலை ஒன்றைச் செய்து கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

வேலை நல்லதாகவே அமைந்தது. இதை அடக்கத்துக்காகக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிப் வந்து சேர்ந்தபோது சோளகம் ஓய்ந்திருந்தது. பழைய சிப்பைக் கழற்றினேன். அடியில் ஒட்டியிருந்த ஈயத்தைச் செப்புப் பின்னலால் துடைத்து எடுத்தேன். போர்டில் ஈயம் பிடிக்கும் செப்புப் புள்ளிகளில் ஒன்றுகூடப் பெயரவில்லை. பசை தடவிப் புதிய சிப்பை வைத்து, பூதக்கண்ணாடியால் நான்கு பக்கமும் பார்த்துவிட்டுச் சூட்டை ஏற்றினேன். தொட்டதும் விலகி, விட்டதும் வந்து பொருந்தியது. தானாக ஆறும்வரை நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இருந்தேன். இளைஞனாக ஒரு கப்பலின் வானொலியைப் புயலுக்கு நடுவே பேச வைத்தபோதுகூட எனக்கு இவ்வளவு பெருமை வரவில்லை.

தன் கையை நம்பும் தொழிலாளி தன் வேலையை வதைத்துப் பார்ப்பான். நானும் பார்த்தேன். கனமான வீடியோக்களை ஓடவிட்டேன். போதாதென்று ஒரு கட்டில் விரிப்பை எடுத்து, திரை மட்டும் தெரிய, செத்தவீட்டில் போர்த்தியதை விடத் தடிப்பாகப் போர்த்தி, காலையிலிருந்து பின்னேரம் வரை விட்டேன். உள்ளே நன்றாகச் சூடேறியது. படம் ஒரு கோடு கூட விழாமல் நின்றது. மறுநாளும் நின்றது.

மனைவி தேநீர் கொண்டுவந்தவள், விரிப்பால் மூடிய கணினியைப் பார்த்தாள். "துணி போட்டா நிண்டுபோம் எண்டீங்கள்?"

"இது நிண்டுபோகாது. நான் செய்த வேலை அப்பிடி," என்று பெருமையோடு சொல்லத் தொடங்கியவன், பாதியில் நிறுத்திவிட்டேன். எனக்கு எதிராக இதை விடப் பெரிய சாட்சி கிடையாது. என் நல்ல வேலையே என் பொய்யைக் காட்டிக்கொடுத்தது. துணி அந்த இயந்திரத்தின் சாவை ஒருவேளை சில நாட்கள் முன்தள்ளியிருக்கலாம். எப்படியும் அது செத்திருக்கும். அது தெரிந்த ஒரே ஆள் நான்.

மனைவி தேநீரை மேசையில் வைத்தாள். "அந்தப் பிள்ளைக்குப் போன் எடுத்து வரச்சொல்லுங்கோ," என்றாள். 

அந்தப் பிள்ளை வந்தபோது கணினியை விரிப்போடே ஓடவிட்டு வைத்திருந்தேன்.

"என்ன சேர், துணிக்குள்ள வைச்சிருக்கிறியள்?"

"நேற்று முழுக்க இப்பிடித்தான் ஓடினது."

"அப்ப அண்டைக்கு?"

சொன்னேன். முதல் தடவை நான் சூடாக்க மட்டுமே செய்தது, அது நிலைக்காது என்று எனக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தும் உலகம் அழியும்வரை நிற்கும் என்பது போலச் சொன்னது, பந்தலில் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத் துணிமேல் பழியைப் போட்டது, எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே கதிரையின் கைப்பிடியை நகத்தால் சுரண்டினாள்.

"நான் வீட்ட போய் அந்தத் துணியை எரிச்சனான் சேர்," என்றாள். "ஒவ்வொரு நாளும் நினைக்கிறது, அந்தத் தாயின்ர முகத்தை அந்த மகளுக்கு நான்தான் மறைச்சனான் எண்டு."

"என்னை மன்னிக்க வேணும் பிள்ளை."

"எனக்குச் சொல்லி என்ன? தனிய இருக்கேக்க ஆரும் சொல்லுவினம். ஓலைத்தொடுவாயில எல்லாருக்கும் முன்னாலதானே சொன்னீங்கள். அங்க போய்ச் சொல்லுங்கோ."

கணினியைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். விடைபெறவில்லை. அவள் கேட்டது நியாயம்.

மறுநாள் காலை ஓலைத்தொடுவாய்க்குப் போனேன். வள்ளங்கள் கரை சேர்ந்து, மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் மீனவர் தங்கும் வாடியின் நிழலில் ஆட்களோடு இருந்தார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். பிறகு அந்தப் பிள்ளை சொன்னது நினைவுக்கு வர, எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னேன். மீன் பிரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"அப்ப அந்தப் பிள்ளையில ஒரு பிழையும் இல்லை," என்றார் மூத்தவர்.

"இல்லை."

"துணி?"

"துணி இல்லாட்டியும் நிண்டுபோயிருக்கும். அண்டைக்கு இல்லாட்டி இன்னொரு நாள்."

"இன்னொரு நாளெண்டால் இன்னொருத்தரின்ர தாய்."

"ஓம்."

ஆட்களில் ஒருவர், "ஐயா எங்கட வள்ளத்து எஞ்சினுக்குக் கை வைக்காதது மாதாவின்ர அற்புதம்," என்றார். சிரித்தார்கள். மூத்தவர் சிரிக்கவில்லை. கைபேசியை எடுத்துத் தங்கையை அழைத்தார். அங்கே அப்போது விடிந்திருக்காது. "இவர் ஒரு விசயம் சொல்லவேணுமாம்," என்று என்னிடம் தந்தார். அதே கதையை மூன்றாவது முறையாக, யாருக்குச் சொல்வது மிகக் கடினமோ அவளுக்குச் சொன்னேன். 

"நான் அந்த அக்காவைப் பேசிப்போட்டன் ஐயா," என்றாள் அவள். "அண்டைக்கு இரவே போன் எடுத்து, கண்டபடி பேசினனான். அவா ஒண்டும் திருப்பிச் சொல்லேல்ல."

அந்தப் பிள்ளை இதை என்னிடம் சொல்லவே இல்லை.

அந்த ஆண்டு ஆத்துமாக்கள் திருநாளுக்கு, சம்மாட்டி தானே தாழ்வுபாட்டுக்குப் போய் அவளை அழைத்தார். அன்று எல்லாரும் சேமக்காலைக்குப் போய்த் தங்கள் வீட்டுக் கல்லறைகளில் திரி கொளுத்துவார்கள். தங்கைக்குத் தாயின் கல்லறையைக் காட்ட வேண்டும். "போனில காட்டலாம்தானே அண்ணா?" என்று அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறாள். "காட்டலாம். ஆனா ஊரெல்லாம் பாக்க நீர் அந்த மெசினோட வந்து நிக்கவேணும்," என்றாராம் சம்மாட்டி. என்னையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

பின்னேரம் மழை விட்டு மணல் ஈரமாக இருந்தது. வாடைக் காற்று திரிகளை அணைக்க அணைக்க ஆட்கள் மறுபடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். கல்லறைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் கணினியை வைத்து அந்தப் பிள்ளை இணைப்பைக் கொடுத்தாள். தங்கையின் முகம் வந்தது. முதலில் அவள் அந்தப் பிள்ளையைத்தான் கூப்பிட்டாள்.

"அக்கா, நான் அண்டைக்குப் பேசினதுகள்..."

"அதை விடுங்கோ. அம்மாவைப் பாருங்கோ," என்றாள் இவள், திரையைத் திருப்பிக்கொண்டே.

சம்மாட்டி என் தோளைப் பிடித்துத் திரைக்கு முன்னால் தள்ளினார். "இவர்தான் இதைத் திருத்தினவர். முதல் பிழையாத் திருத்தினவரும் இவர்தான்."

"வடிவாத் தெரியுது ஐயா," என்றாள் தங்கை. "கல்லில இருக்கிற அம்மாவின்ர பேர் கூட வாசிக்கலாம்."

நான் விலகி வந்தேன். அவள் கல்லறையோடு பேசத் தொடங்க, வீட்டார் அவளைத் தனியே விட்டு மற்றக் கல்லறைகளுக்குப் போனார்கள். தூரத்தில் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கோடும் விழவில்லை. அது என் வேலை என்ற நினைவில் மார்பு விரிந்தது. அதை நான் தடுக்கவில்லை. இந்த முறை அந்தப் பெருமைக்கு எனக்கு உரிமை இருந்தது.

பக்கத்துக் கல்லறையில் நின்ற ஒருவர் அந்தப் பிள்ளையிடம் வந்தார். அவருடைய தகப்பன் படுத்த படுக்கையாம். இரண்டு தம்பிமார் வெளிநாட்டில்.

"ஏதும் நடந்தா நீர் வருவீரோ பிள்ளை?"

"வாறன்."

"மெசின் இடையில நிக்காதோ?"

அவள் கையால் என்னைக் காட்டினாள். அவர் என் பக்கம் திரும்பினார். சுற்றி நின்றவர்களும் திரும்பினார்கள்.

"சிப் புதுசு. சரியாத்தான் போட்டிருக்கிறன்," என்றேன். "ஆனா மெசின் பழசு. எவ்வளவு காலமெண்டு சொல்லேலாது. நிண்டுபோச்செண்டால் என்னிட்ட வாங்கோ. இந்தப் பிள்ளையிட்டப் போகாதேங்கோ."